கருவி பிடித்த கையும் பல்கலைக்கழகமும்

பழுதுபட்ட பொறியைப் பிரித்து, குறை கண்டு, மீண்டும் ஓடச் செய்வது வெறும் கைப்பழக்கமா, அன்றிக் கல்வியா? பட்டறைக்குச் செல்லும் பிள்ளையைப் ‘படிப்பு ஏறாதவன்’ என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. இவ்வினாவிற்குரிய விடையை நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட மற்றொரு மக்களின் வரலாற்றில் காண்போம்.

அமெரிக்க நாட்டில் 1865ஆம் ஆண்டு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுள் பெரும்பாலோர்க்கு நிலமுமில்லை, எழுத்தறிவுமில்லை. அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் சிற்றூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் வாழ்ந்தார். அடிமையாகப் பிறந்த அவர், தகர வேலை, செருப்புத் தைத்தல், சேணம் செய்தல் ஆகிய தொழில்களில் வல்லவர். தேர்தலில் தம் மக்களின் ஆதரவை நாடி வந்தோரிடம் அவர் பதவி கேட்கவில்லை, பள்ளி கேட்டார். அதன் பயனாக 1881 ஜூலை 4ஆம் நாள் டஸ்கீகி கல்விநிலையம் பிறந்தது. தாமும் அடிமையாகப் பிறந்தவரான புக்கர் டி. வாஷிங்டன் அதன் தலைவரானார்.

கட்டடத்திற்குச் செங்கல் வேண்டியிருந்தது. மாணவர்கள் போட்ட சூளைகள் மூன்று முறை பாழாயின. வாஷிங்டன் தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார், அது வென்றது. பின்னர் கொல்லு வேலை, தச்சு, வண்டி செய்தல், வண்டி செப்பனிடுதல் ஆகியவை பாடங்களாயின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1892இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான இராபர்ட் டெய்லர் அங்குத் தொழிற்பயிற்சித் துறையின் தலைமையை ஏற்றார். பட்டறைக்குள் பல்கலைக்கழக அறிவு புகுந்தது.

எனினும், 1903இல் பேரறிஞர் டு பாய்ஸ் கடுமையாக ஒரு கேள்வி எழுப்பினார். தொழிற்பயிற்சி மட்டும் போதுமென்றால், உயர்கல்வியும் வாக்குரிமையும் நம் மக்களுக்கு வேண்டாவா என்றார். அக்கேள்வி நியாயமானதே. சுத்தியலை மட்டும் கொடுத்து நூலை மறுப்பது, பழைய தளையைப் புதிய வடிவில் பூட்டுவதாகும்.

காலம் இரண்டையும் இணைத்தது. 1941இல் கறுப்பின விமானிகளுக்கு டஸ்கீகியில் பயிற்சி தொடங்கியது. அவர்தம் விமானங்களைச் செப்பனிடும் தொழில்வல்லுநரும் அவ்வினத்தாரே ஆயினர். அவர்களால் இது இயலாது என்ற பழிச்சொல் பொய்யாயிற்று. 1985இல் அந்நிலையம் பல்கலைக்கழகப் பெயர் பெற்றது. செங்கற்சூளை எரிந்த மண்ணில் இன்று இயந்திரப் பொறியியலும் வான்கலப் பொறியியலும் பட்டப்படிப்புகளாக உள்ளன.

நம் அண்ணல் அம்பேத்கரும் இவ்வுண்மையைத் தெளிந்தவர். 1942இல் வைசிராய்க்கு அளித்த விண்ணப்பத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில உதவித்தொகை வேண்டுமென்றார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் பயிற்சி இடங்கள் வேண்டுமென்றார். பட்டறையா, பல்கலைக்கழகமா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒருங்கே கேட்டார்.

எட்டாம் வகுப்போடு நின்று லாரிப் பட்டறைக்குச் சென்ற மாணவர் பலரை நாம் கண்டுள்ளோம். எஞ்சினின் ஓசையைக் கேட்டே கோளாறு இன்னதென்று உரைப்பர். ஆயினும், அது ஏன் நேர்ந்தது என்று கணக்கிட்டுச் சொல்லும் கல்வி அவர்கட்குக் கிட்டவில்லை. எனவே, முதலாளி மாறினும் அவர்தம் கூலி மாறவில்லை.

இளைஞர்களே! வழி அடைபடவில்லை. பத்தாம் வகுப்பை முடியுங்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்றவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலும், பட்டயம் பெற்றவர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலும் சேர இடமுண்டு. கையிலுள்ள கருவியைக் கீழே வைக்க வேண்டா. மறு கையில் நூலை எடுங்கள். நான்காம் சூளையை மூட்டும் நெஞ்சுறுதி நமக்கும் உண்டு.