ஞாயிற்றை ஏற்கும் பந்தர்

வெயிலை மறைத்தற்கென மனிதன் அமைத்த கூரைகளுள் மிக இலேசானது பந்தர். கண்ணகியின் திருமணம் முத்துப்பந்தரின்கீழ் நிகழ்ந்ததெனச் சிலப்பதிகாரம் கூறும். கமுகங்கால் நாட்டிக் கிடுகு வேய்ந்த பந்தர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விழாக்களுக்கு நிழல் தந்தன. மறைக்கப்பட்ட அவ்வெயிலையே கூரை ஏற்று மின்னாக்கும் காலம் இன்று வந்துளது. அது வந்த வழியை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வரலாற்றின் இரு கிளைகளும் 1954ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டமை வியத்தற்குரியது. அவ்வாண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார், ஞாயிற்றொளியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கினை மின்னாக்கும் சிலிக்கன் கலத்தை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே ஜேர்மனியரான பிரை ஒட்டோ தொங்குகூரை பற்றிய தமது ஆய்வை நூலாக்கினார். 1967இல் மொன்றியால் கண்காட்சியிலும், 1972இல் மியூனிச் ஒலிம்பிக் அரங்கிலும் அவர்தம் கொள்கை வலைக்கூரைகளாக உருப்பெற்றது.

எனினும், கூரையும் கலமும் உடனே கூடவில்லை. சிலிக்கன் கலம் எளிதில் உடைவது, கண்ணாடியின்கீழ் அமைக்கவேண்டுவது. அத்தகைய பலகை சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. துணிக்கூரை அதனை யாங்ஙனம் தாங்கும்? 1976இல் காள்சன், உரொன்ஸ்கி என்போர் மென்படலச் சிலிக்கனாற் கலம் அமைத்தமை இத்தடையை நீக்க வழிசெய்தது. 2015இல் மிலான் கண்காட்சியின் ஜேர்மன் மண்டபத்தில், மரம்போற் கவிந்த மென்கூரைகளிலே வளையுங் கலங்கள் பதிக்கப்பட்டன.

ஆயினும், இலேசு ஒன்றே போதாது. 1990இல் விண் சென்ற ஹபிள் தொலைநோக்கியின் சுருள்சிறகுகள், குளிரிலிருந்து வெயிலுக்கு வருந்தோறும் நடுங்கின. 1993இல் அவை மாற்றப்பட்டன. 2002இல் விறைப்பான சிறகுகளே பொருத்தப்பட்டன. வளையுங் கலங்கள் கண்ணாடிப் பலகைகளிலும் விரைவிற் பழுதுறுவன என்பதும் உண்மை.

இக்குறை வீட்டுக்கூரைக்குப் பெரிது, பந்தருக்கோ சிறிது. பந்தர் விழா முடியப் பிரிக்கப்படுவது. கிடுகும் பழுதுற மாற்றப்படுவதே. மேலும், வெப்பம் மிகுந்தாற் கலத்தின் ஆற்றல் குறையும். நாற்புறமுந் திறந்த பந்தரிலோ கடற்காற்றுக் கீழே உலாவி அவ்வெப்பத்தைத் தணிக்கும். ஆதலின், இக்கலையைப் பரிசோதித்தற்கு நம் பந்தரினும் தக்க களம் வேறில்லை எனலாம்.

2016இல் அரசு கூரை மின்னாக்கத் திட்டத்தைத் தொடக்கியது. எனினும், 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. நம் மாணவர் பலர் விளக்கொளியிற் படித்தனர். பகலில் நிழலும் இரவில் ஒளியும் தரும் ஒரு பந்தரை அவர்களே அமைத்துப் பார்ப்பாராயின், அது பயன்மிக்க கல்வியாகும்.