பனியில் சிக்கிய நடமாடும் வீடு

உறைபனிக் கண்டத்தில் வீட்டோடு பயணம் செய்ய முடியுமா? 1939-இல் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் போல்ட்டர் அண்டார்க்டிகாவுக்கென்றே 17 மீட்டர் நீளமுள்ள 'ஸ்னோ குரூசர்' ஊர்தியை உருவாக்கினார். படுக்கை, சமையலறை, ஆய்வுக்கூடம் எல்லாம் உள்ளேயே! எஞ்சினின் வெந்நீரே அறைகளையும் சூடாக்கியதால் மெல்லிய போர்வையே போதுமானதாயிற்று.

சக்கரங்களோ கைவிட்டன. 1940 சனவரியில் அங்கே இறங்கியதும், 34 டன் எடை நான்கே சக்கரங்களில் அழுந்த, வழவழப்பான டயர்கள் பனியில் புதைந்து வீணே சுழன்றன. உபரிச் சக்கரங்களை முன்னே பொருத்தினர். பின்னே சங்கிலி கட்டினர். பின்னோக்கிச் செலுத்தியபோதுதான் ஓரளவு நகர்ந்தது! அப்படியே ஒருமுறை 148 கிலோமீட்டர் சென்றது. இறுதியில் நின்ற இடத்திலேயே குடியிருப்பாயிற்று.

பார்த்தீர்களா? குளிருக்கேற்ற அறை மட்டும் போதாது; தரைக்கேற்ற சக்கரமும் வேண்டும்.