தோட்டத்துக்கு ஓய்வு வயது கிடையாது

வெளியூரிலிருந்து கோவைக்கு வந்து குடியேறுகிறவர்களுக்கு முதலில் குழப்பம் தருகிற சொல் 'தோட்டம்'. மற்ற ஊர்களில் தோட்டம் என்றால் வீட்டைச் சுற்றியுள்ள பூச்செடிகள். கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள பூமி. மழையை நம்பிய மானாவாரி நிலம் காடு; கிணறு வெட்டினால் அது தோட்டம். அதில் ஒரு சாளை, நாலு தென்னை, ஒரு கட்டுத்தறி இருக்கும். அப்புச்சியும் அம்மாயியும் கடைசி வரை அந்தச் சாளையிலேயே இருப்பார்கள். "இந்த வயசுல எதுக்குங்க வேலை?" என்று கேட்டால், "சும்மா உக்கார முடியுங்களா?" என்று மறு கேள்வி வரும்.

ஓய்வு பெறுதல் என்பது அலுவலகம் கண்டுபிடித்த சங்கதி. எங்கள் காலத்தில் 58 வயது. 2020-ல் தமிழக அரசு அதை 59 ஆக்கியது, 2021-ல் 60 ஆக்கியது. அரசாணை போட்டு மாற்றக்கூடிய ஒன்றைத்தான் நாம் இயற்கை விதி போல நம்பி, மறுநாள் காலையிலிருந்து நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம். நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள இரண்டு பெண்களின் முதுமை இதற்கு வேறு பதில் சொல்கிறது. ஒருவர் உலகம் சுற்றிய விஞ்ஞானி. மற்றவர் மளிகைக் கடை வைத்திருந்தவர்.

முதலாமவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்றவர். கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் தொடங்கியது. பார்பர் துரையும் டி.எஸ்.வெங்கட்ராமனும் நம் ஊர்க் கரும்பை நாணலோடு கலந்து 'கோ' வரிசைக் கரும்புகளை உருவாக்கிய இடம் அது. வட இந்தியக் கரும்புக் காடுகளில் பரவிய 'கோ 205' இங்கிருந்து போனதுதான். அந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை மரபியல் ஆய்வாளராக இருந்தார் ஜானகி அம்மாள். கரும்பை மக்காச்சோளத்தோடும் மற்றப் புல் இனங்களோடும் கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்து போய், பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெரிய நூல் ஒன்றை 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து வெளியிட்டார். 1951-ல் நேரு அழைத்ததன் பேரில் இந்தியா திரும்பி, தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

இதெல்லாம் எல்லோரும் எழுதுகிற செய்தி. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய காலம். 1970-ல் எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கு மதுரவாயலில் ஒரு வயல் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கேயே தங்கி, மூலிகைச் செடிகளை வளர்த்தபடி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களிலும் அவர் உண்டு. 1984 பிப்ரவரியில், 86-ஆம் வயதில் காலமாகும் வரை அந்தச் செடிகளோடுதான் வாழ்க்கை.

இரண்டாமவர் பாப்பம்மாள் பாட்டி. மேட்டுப்பாளையம் பக்கம், பவானிக் கரையிலுள்ள தேக்கம்பட்டிக்காரர். கோயில் யானைகளுக்கு முகாம் நடந்ததே, அதே ஊர். 1914-ல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். மளிகைக் கடையும் சிற்றுண்டிக் கடையும் நடத்திச் சேர்த்த காசில் பத்து ஏக்கர் வாங்கினார். வயதான பிறகு பெரும்பகுதியைக் கைமாற்றிவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு, ரசாயன உரமில்லாமல் வாழையும் காய்கறியும் பயிரிட்டார். இயற்கை விவசாயத்துக்காக 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவர் நூறைத் தாண்டியவர். 2024 செப்டம்பரில் மறைந்தார்.

ஒரே விருது, 44 ஆண்டு இடைவெளி. ஒருவர் படித்தது கடல் கடந்து, மற்றவர் கற்றது வரப்பில். இரண்டு பேருக்கும் பொதுவாக என்ன இருந்தது? "செடி வளர்த்தால் நூறு வயது வாழலாம்" என்று சொல்ல நான் துணியமாட்டேன். காலமெல்லாம் மண்ணில் உழைத்து ஐம்பதிலேயே போனவர்கள் நம் ஊர்களில் ஏராளம். உடல்வாகு, சாப்பாடு, வைத்தியம், கைக்காசு எல்லாம் சேர்ந்ததுதான் ஆயுள்.

ஆனால் ஒன்று தெரிகிறது. இருவருக்கும் செடி பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஜானகி அம்மாளின் ஆய்வுக்கு அந்தச் செடிகள் வேண்டியிருந்தன. பாப்பம்மாளிடம் வாழைத்தார் வாங்க ஆள் காத்திருந்தார்கள். பாட்டி தோட்டத்தோடு நிற்கவும் இல்லை. ஊராட்சி உறுப்பினராக இருந்தார், அரசியலில் இருந்தார், வேளாண் பல்கலைக்கழகத்தின் விவசாயிகள் கூட்டங்களுக்குப் போய்க் கேள்வி கேட்டார். நாளைக் காலையில் தனக்காக ஒரு வேலை காத்திருக்கிறது என்ற நினைப்பு இருவருக்கும் கடைசி வரை இருந்தது. நம்மில் பலருக்கு ஓய்வுக்குப் பிறகு இல்லாமல் போவது அதுதான். பென்ஷன் பணத்தால் அதை வாங்க முடியாது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் வால்டேர் நினைவுக்கு வருகிறார். 64 வயதில் ஃபெர்னே என்ற சிற்றூரில் நிலம் வாங்கி, மரம் நட்டு, உழுது, அந்த ஊரையே தழைக்க வைத்தார். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவை நினைக்கும்போது பெரோத்தே என்ற தாவரவியலாளரும் வருகிறார். நீலகிரிச் செடிகளை ஆராய்ந்த அவர், புதுச்சேரியிலேயே 1870-ல் 76-ஆம் வயதில் இறந்தார். எந்த நாட்டிலும் தோட்டக்காரன் கிழவனாவதில் அவசரம் காட்டுவதில்லை போலும்.

"எல்லாம் சரி, நமக்குப் பூமி ஏது?" என்பீர்கள். நியாயம்தான். சரவணம்பட்டியிலும் வடவள்ளியிலும் தோட்டங்களெல்லாம் மனைகளாகிவிட்டன. கிணறு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. விற்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே போனால் யார் என்ன செய்வது? ஆனால் பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய நாலு பைகளுக்கு மொட்டை மாடி போதும். தக்காளி, கத்தரி, கொஞ்சம் கீரை, ஒரு கறிவேப்பிலைக் கன்று. முழங்கால் வலிக்காரர்கள் பைகளை மேசை உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். காலை வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் போதும்.

ஒரே ஒரு யோசனை. விளைவதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். இரண்டு முறை கொடுத்தால் மூன்றாம் முறை, "கீரை இன்னும் வரலீங்களா?" என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவாவது மறுநாள் மாடிப்படி ஏற வேண்டியிருக்கும்.