வாஷியின் சிறு வீடுகளும் சிறிய மதர்போர்டும்

மும்பையின் நெரிசலைத் தணிக்கத் தாணே கழிமுகத்துக்குக் கிழக்கே புதிய நகரம் ஒன்றை எழுப்பும் பொறுப்பு, 1970 மார்ச்சில் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1973இல் திறக்கப்பட்ட கழிமுகப் பாலமும், 1992இல் மான்குர்டிலிருந்து நீண்ட ரயில் பாதையும் வாஷியை வளர்த்தன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் பாலம் கடந்து குடியேறின. ஆனால் சிட்கோ கட்டிய ஜே.என். வகை அடுக்ககங்கள் போன்றவற்றில், கூடமே படிப்பறையாகவும் இரவில் படுக்கையறையாகவும் இருந்தது. அத்தகைய வீட்டுக்குள் கணினி நுழைந்தபோது, அதன் வேகத்துக்கு முன்பே அதை வைக்கும் இடம் பேச்சுக்கு வந்தது.

அந்தக் கணினிகளில் பல மும்பையின் கிராண்ட் ரோடு நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலையில் உருவாயின. 1903 முதல் 1907 வரை பம்பாய் ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்தத் தெரு, டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறிய பின்னும் பழைய பெயராலேயே அறியப்படுகிறது. வானொலி உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றிருந்த அது, 1984இன் கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியதற்குப் பின்வந்த ஆண்டுகளில் கணினிப் பாகங்களின் சந்தையானது. இந்தியா 1997இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2005க்குள் தீர்வையைப் படிப்படியாக நீக்கியதால், பிராசசர், ராம், கேபினட், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிப் பூட்டும் அசெம்பிள்டு கணினி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. இவை அனைத்தையும் இணைத்து, மின்சாரத்தையும் தரவுகளையும் பகிர்ந்தளிக்கும் பலகையே மதர்போர்டு.

பாகங்களை வாங்கிப் பூட்டும் இந்தத் தொழில் தழைக்க அளவுத் தரம் ஒன்று தேவைப்பட்டது. ஐ.பி.எம். 1984இல் கொண்டுவந்த ஏ.டி. கணினியின் பலகை ஓரடி அகலமானது. அதைக் குறுக்கிய 'பேபி ஏ.டி.' பலகைகளே தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை கடைகளை ஆண்டன. அவற்றுக்கு மின்சாரம் தரும் பி8, பி9 என்ற இரு செருகிகளும் ஒரே வடிவத்தில் இருந்தமையால், இடம் மாறிச் செருகினால் பலகையே கருகிவிடக்கூடும். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து அமைய வேண்டும் என்பது பூட்டுபவர் கற்ற முதல் பாடம். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரம், ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் ஒற்றைச் செருகியால் அந்த அபாயத்தை ஒழித்ததோடு, 305 × 244 மில்லிமீட்டர் என்ற அளவையும் திருகுத் துளைகளின் இடங்களையும் வரையறுத்தது. 1997 இறுதியில் அதிலிருந்து பிறந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை, 244 மில்லிமீட்டர் சதுரமாக, பெரிய பலகையின் துளைகளிலேயே பொருந்தியது.

இந்தியச் சந்தையில் சிறிய பலகை முதலில் சிக்கனத்தின் அடையாளமாகவே வந்தது என்பது இவ்வரலாற்றில் கவனத்துக்குரியது. 1999இல் வந்த இன்டெல் 810 போன்ற சிப்செட்டுகள், அதாவது பிராசசருக்கும் பிற பாகங்களுக்கும் இடையே போக்குவரத்தை நடத்தும் துணைச் சில்லுகள், திரைக்கான கிராஃபிக்ஸையும் உள்ளடக்கியிருந்ததால், தனிக் கார்டு வாங்கும் செலவு மிச்சமானது. அத்தகைய பலகைகள் பலவற்றில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு உரிய இடமே கிடையாது. சிறிய போர்டு என்றால் வேகம் குறைவு என்ற எண்ணம் வாங்குவோரிடம் படிந்ததற்கு இதுவே காரணம். அக்காலத்துக்கு அது நியாயமான எண்ணமும்கூட.

தைவானின் வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். பலகையும் தொடக்கத்தில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எளிய கணினிகளுக்கானதே. அதன் பரப்பு ஏ.டி.எக்ஸ். பலகையின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு சிறிய இடத்தில் ஆற்றல் வந்து தங்கியதற்குக் காரணம், பலகைமேல் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் பிராசசருக்குள் குடிபோனதாகும். நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஏ.எம்.டி. 2003இல் அத்லான் 64 பிராசசருக்குள்ளும், இன்டெல் 2008இல் முதல் கோர் ஐ7 பிராசசருக்குள்ளும் அமைத்தன. இதைத் தொடர்ந்து நார்த்பிரிட்ஜ் என்ற பெரிய துணைச் சில்லு பலகையிலிருந்தே மறைந்தது. பின்னர் எம்.2 என்ற சிறு செருகுமிடம், வட்டுகளுக்கான கம்பிகளையும் அவற்றுக்குரிய இடத்தையும் மிச்சப்படுத்தியது. எஞ்சிய இடத்துக்காகப் பொறியாளர்கள் நடத்திய போராட்டம் வியப்புக்குரியது: 2012இல் ஏசஸ், தன் மினி ஐ.டி.எக்ஸ். பலகை ஒன்றில் பிராசசருக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம். பகுதியைத் தனிச் சிறுபலகையாக்கிச் செங்குத்தாக நிறுத்தியது. 2017இல் ஏஎஸ்ராக், எக்ஸ்299 சிப்செட் கொண்ட மினி ஐ.டி.எக்ஸ். பலகை ஒன்றில் மடிக்கணினியின் ராம்களைப் பொருத்தியது.

எனினும் இந்தச் சுருக்கத்துக்கு விலை உண்டு. மினி ஐ.டி.எக்ஸ். பலகையில் கார்டு செருக ஓரிடமும், பெரும்பாலும் ராமுக்கு ஈரிடமும் மட்டுமே கிடைக்கும். நெருங்கிய மின்பாதைகளாலும் குறைந்த விற்பனையாலும், ஒரே சிப்செட் கொண்ட பெரிய பலகையைவிட அது பெரும்பாலும் விலை கூடியது. வி.ஆர்.எம். பகுதியின் சூடு அடக்கமான கேபினட்டுக்குள் தேங்குவது, புழுக்கம் மிகுந்த மும்பைக் கடற்கரைக்குச் சிறிய குறையன்று. ஆகவே வாஷியின் கூடமொன்றில் வேகமான கணினி அமைக்க விரும்புவோருக்கு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகையே முதல் தேர்வு: நான்கு ராம் இடங்களும் நல்ல வெப்பக்கடத்தித் தகடுகள் பொருத்திய வி.ஆர்.எம்.மும் உள்ளதாக அது இருக்கட்டும். மேசைமேல் ஒரு சாண் இடத்துக்கும் வழியில்லாதவர், அல்லது கணினியை அடிக்கடி தூக்கிச் செல்ல வேண்டியவர் மட்டுமே கூடுதல் பணம் கொடுத்து மினி ஐ.டி.எக்ஸ். வாங்குவதில் பொருளுண்டு.