அத்தையோட ஃபார்ம் எங்கே போச்சு?

போன மாசம் மணமேல்குடிக்குப் போயிருந்தேன். அத்தை ஃபோன்ல ஒரு கடன் விண்ணப்பத்தை அரைமணி நேரமா நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. ரேஷன் கார்டைப் படம் எடுக்கச் சொல்லி கேமரா திறந்துச்சு. எடுத்துட்டுத் திரும்பி வந்தா பேரு, விலாசம், கணக்கு எண் எல்லாம் காலி. "டேய், நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனா?"ன்னு கேட்டாங்க.

இல்ல அத்தை. தப்பு என்னை மாதிரி ஆளுங்க மேலதான். அந்தக் கதை 2008-ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம் வந்த முதல் ஆண்ட்ராய்டு ஃபோன் ஹெச்டிசி ட்ரீம். ரேம் வெறும் 192 எம்பி. திரையைத் தள்ளினா அடியில கீபோர்டு இருக்கும், உடனே திரை படுக்கைவாக்குல மாறும். அப்படி மாறும்போது ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்தையே அழிச்சிட்டுப் புதுசா கட்டும். படுக்கைவாக்குக்கு வேற வடிவமைப்பு இருக்கலாமே, அதான். இன்னொரு அழிவும் உண்டு: ரேம் பத்தலைன்னா, பின்னாடி போன ஆப்பையே சிஸ்டம் நிறுத்திடும். இதைத்தான் ‘பிராசஸ் டெத்’னு சொல்றோம். பயனருக்கு இது எதுவும் தெரியக்கூடாது. அதனால போறதுக்கு முன்னாடி, நிரப்பினதை ‘பண்டில்’ங்கிற சின்ன மூட்டையாக் கட்டி சிஸ்டம் கையில கொடுத்துடணும். அதுக்கான இடம்தான் ‘ஆன் சேவ் இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்’.

நிறைய பேருக்கு இது தலைவலி. 2017-ல கூகுள் ‘வியூமாடல்’ கொடுத்துச்சு. திரையைத் திருப்பினாலும் தரவு அப்படியே நிக்கும். நான் அப்போ காலேஜ்ல இருந்தேன், எல்லாரும் பிரச்சினை தீர்ந்துச்சுன்னே பேசினோம். ஆனா அதுவும் ஆப்போட நினைவகத்துலதான் இருக்கு. ஆப் செத்தா அதுவும் சாகும்! அந்த ஓட்டையை அடைக்க 2020-ல ‘சேவ்டு ஸ்டேட் ஹேண்டில்’ வந்துச்சு. 2021-ல வந்த ஜெட்பேக் கம்போஸ்ல ‘ரிமெம்பர்’, ‘ரிமெம்பர் சேவபிள்’னு ரெண்டு இருக்கு. முதலாவது திரையைத் திருப்பினாலே மறந்துடும். ரெண்டாவது ஆப் செத்துப் பிழைச்சாலும் ஞாபகம் வச்சிருக்கும். அத்தையோட அரைமணி நேரம் இந்த ஒரு வார்த்தையில கிடக்கு.

ஏன் இன்னும் தப்பு நடக்குது? நாம டெஸ்ட் பண்ற ஃபோன்ல ரேம் தாராளம். கேமரா திறந்தாலும் ஆப் சாகாது. அத்தையோட பழைய ஃபோன்ல அது தினசரி நடக்கிற விஷயம்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’னு ஒண்ணு இருக்கு. வேற ஆப்புக்குப் போனதும் பக்கத்தை அழிச்சிடும். ஊர்லேருந்து வந்த அன்னைக்கே அதை ஆன் பண்ணி, நான் எழுதின ஆப்பையே திறந்து பார்த்தேன். மூணு ஸ்கிரீன் காலி.

அத்தை கடைசியில இ-சேவை மையத்துல வரிசையில நின்னுதான் அந்த விண்ணப்பத்தைப் போட்டாங்க.