நெய்வேலியில் ஒலிக்கும் பல தமிழ்



ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுவோர் அவ்வூரின் பழைய கோயிலையும் குளத்தையும் கல்வெட்டையும் தேடுவது வழக்கம். நம் நகரியத்திற்கு அத்தகைய தொன்மை கிடையாது. 1956 நவம்பரில் என்.எல்.சி. நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. இவை யாவும் அலுவலக ஏடுகளில் உள்ளன. ஏடுகளில் ஏறாத வரலாறு ஒன்றும் உண்டு. அது நம் மக்களின் நாவிலே இருக்கிறது. இந்த யூபிலி மலரில் அதனைக் குறித்துச் சிந்திக்க விழைகிறோம்.

நகரியம் எழுந்தபோது, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து மக்களோடு, திருநெல்வேலி, கன்னியாகுமரி, மதுரை, தஞ்சை, கோவைப் பகுதியினரும், கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலத்தவரும் இங்கு வேலைக்கு வந்தனர். ஒரே வட்டத்தில், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில், 'ஏலே' என்று அழைப்பவரும் 'ஏனுங்க' என்று அழைப்பவரும் குடியேறினர். மதுரைக்காரர் 'அங்கிட்டு' போனார். உள்ளூர்க்காரர் 'அந்தாண்ட' போனார். ஒருவர் 'வந்துகிட்டு' இருந்தார். மற்றவர் 'வந்துகினு' இருந்தார். கன்னியாகுமரியிலிருந்து வந்த தாய் 'வெள்ளம்' கேட்டால் அது குடிக்கும் நீர். தஞ்சையிலிருந்து வந்தவர் காதில் அது ஆற்றுப் பெருக்கு!

இவற்றோடு முற்றிலும் அயலான மொழியும் இம்மண்ணில் ஒலித்தது. முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்தது. சுரங்கத்தின் இராட்சத எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ஜெர்மானியரைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லாகிய 'நேமெத்ஸ்', 'ஊமை' என்னும் சொல்லினின்று பிறந்தது. தம் மொழி பேசாதவன் ஊமை என்று பண்டைய ரஷ்யர் கருதினர் போலும்! கிரேக்கரும் அவ்வாறே. அயலார் பேச்சு அவர்கள் காதில் 'பர் பர்' என்று விழுந்ததால், அயலாரை எல்லாம் 'பர்பரோஸ்' என்றனர். புரியாத பேச்சை வெறும் இரைச்சலாகக் கேட்பது மனிதச் செவியின் பழைய குணம்.

ஏன் இவ்வாறு? குறை நாவில் அன்று, செவியில் என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். 1984இல் கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் டகர, தகர ஒலிகளைக் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டையும் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகப் பலர் அத்திறனை இழந்திருந்தனர். வீட்டில் கேளாத வேறுபாட்டைச் செவி ஓராண்டுக்குள் கைவிட்டுவிடுகிறது. நம் செவியும் இதற்கு விலக்கன்று. நாம் ஒரே 'க' எழுதும் இடத்தில் இந்தி பேசுவோருக்கு நான்கு எழுத்துகள் உண்டு. அவர் காதில் நம் இந்தி எப்படி விழும் என்று எண்ணிப் பார்த்தால், பிறர் பேச்சைக் கேட்டு நகைக்கத் தோன்றாது.

தமிழ் இலக்கணம் இதில் பெருந்தன்மை உடையது. தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது, பல திசைகளில் வழங்கும் பேச்சையும் 'திசைச்சொல்' என்று பெயரிட்டுச் செய்யுளில் இடம் தந்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் பேச்சை உரையாசிரியர் கொடுந்தமிழ் என்றனர். இங்கே 'கொடு' என்பது வளைவு, தீமை அன்று. நுனிநா அண்ணத்தைத் தொட றகரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் கூறினார். இன்று 'காற்று', 'நேற்று' என்னும் சொற்களில் அந்த ஒலியை யாழ்ப்பாணத்தார் பேச்சில் தெளிவாகக் கேட்கலாம். நம்மில் பலருக்கு அது 'காத்து', 'நேத்து' ஆகிவிட்டது. விசித்திரம் என்று ஒருவர் எண்ணுவது சில வேளைகளில் பழமையே!

நம் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இரு மொழியும் அறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்து மக்களைக் கூட்டிக் கற்பித்தார். அவர் தமிழில் தேர்ச்சி பெற்றவர் அல்லர். அயல் நாவில் தடுமாறிய தமிழைப் பொறுத்துக்கொண்ட செவிகள் அக்கடற்கரையில் இருந்தன. நம் அண்டையிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவரோ, தேம்பாவணி பாடிய புலமையோடு நிற்கவில்லை. பொதுமக்கள் பேசும் கொடுந்தமிழுக்கென்றே இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில், லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் அச்சாயிற்று. பேச்சுத் தமிழ் இலக்கணம் பெறத் தக்கது என்று இத்தாலியில் பிறந்த ஒரு குரு கண்டார்.

ஆயினும் செவி சில வேளைகளில் கொலைக் கருவியும் ஆகிறது. நீதித்தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் நினைவிருக்கும். யோர்தான் துறையில் 'ஷிபோலெத்' என்பதைச் 'சிபோலெத்' என்று ஒலித்த எப்ராயிமியர் வெட்டுண்டனர். அன்று மடிந்தோர் 42,000 பேர் என்கிறது அந்நூல். பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 1983 ஜூலையில் இலங்கையில் கும்பல்கள் வழிமறித்து, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னதாகத் தப்பியவர்கள் கூறியுள்ளனர். அதன் முதல் ஒலியைச் சிங்களர் போல் மென்மையாகச் சொல்ல வராதவர் தமிழர் என்று அடையாளம் காணப்பட்டார். தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்த புனித இராயப்பரையும் அவருடைய கலிலேயப் பேச்சே காட்டிக்கொடுத்தது அன்றோ?

நம் பங்கில் அத்தகைய கொடுமை ஏதும் இல்லை, இறைவனுக்கு நன்றி. ஆனால் சிறு நகைப்பும் காயப்படுத்தும். திருப்பலியில் வாசகம் வாசிக்க அழைத்தால், "என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்க சாமி" என்று பின்வாங்குவோர் உளர். அவர்களுள் சிலர், இந்தச் சுரங்கத்திற்கு நிலத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்துப் பெயர்ந்த கிராமத்துக் குடும்பங்களைச் சேர்ந்தோர். அவர்கள் பேச்சைச் சிலர் 'பட்டிக்காட்டுப் பேச்சு' என்கின்றனர். எண்ணிப் பாருங்கள்! நாம் எல்லோரும் வந்து குடியேறியவர்கள். இம்மண்ணுக்கே உரிய பேச்சு அவர்களுடையதே. நிலத்தைப் பெற்றுக்கொண்டோம், அந்நிலத்தின் குரலைப் பீடத்தண்டையில் ஒலிக்கவிடாமல் செய்வது நீதியாகுமா?

வாசகர்கள் பயிற்சி பெறவேண்டியது உண்மையே. பொருளறிந்து, நிறுத்தி, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்குமாறு வாசிக்க வேண்டும். ழகரத்தைப் பழகுவதும் நன்று. ஆனால் தெளிவின்மை வேறு, ஊர்மணம் வேறு. முன்னதைத் திருத்தலாம், பின்னதைத் திருத்த வேண்டியதில்லை. ஆதலின் இந்த யூபிலி ஆண்டில் வாசகர் பட்டியலில் எல்லா ஊர்ப் பேச்சும் இடம்பெறட்டும். பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும், சக மாணவரின் பேச்சைப் பழித்துக் காட்டும் பிள்ளைகளைக் கண்டித்து நெறிப்படுத்தட்டும். பாட்டிமாரின் பழஞ்சொற்களை இளைஞர் கேட்டு எழுதி வைக்கட்டும்.

பெந்தெகொஸ்தே நாளில் பல நாட்டு மக்கள் தத்தம் மொழியில் இறைவனின் செயல்களைக் கேட்டனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. வியந்த அம்மக்கள், பேசியவர்கள் கலிலேயர் என்பதையும் அறிந்திருந்தனர். தூய ஆவியார் சீடர்களின் ஊரை அழித்துவிடவில்லை. கேட்போர் செவியைத் திறந்தார். முற்றத்தில் காட்டிக்கொடுக்கப்பட்ட அதே கலிலேய நா, அன்று ஏறத்தாழ மூவாயிரம் பேரைத் திருமுழுக்குக்கு அழைத்து வந்தது. அத்தகைய திறந்த செவியை இறைவன் நம் பங்கு முழுமைக்கும் அருள்வாராக!