குற்றாலத் தண்ணி கீழே இறங்கும்போது

குற்றாலம்னு சொன்னாலே நமக்கு ஜூன், ஜூலை சாரல்தான் ஞாபகம் வரும். ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி கொட்டினா குளிக்கத் தடை. அவ்வளவுதான் நம்ம கஷ்டம். ஆனா சிற்றாற்றங்கரை வீடுகளுக்குப் பயம் அப்புறம்தான், ஐப்பசி மழையோட வரும். குற்றால மலையில் பிறந்து, தென்காசி வழியா ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்ற ஆறு இது. மேலே பெஞ்ச மழை சீக்கிரமே கீழே வந்துடும். அரிசி பரணுக்குப் போகும், சிலிண்டர் கட்டில் மேல ஏறும்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்னைக்குக் காலையிலிருந்து 24 மணி நேரத்துல, தாமிரபரணி கடல்ல சேர்ற பக்கம், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலே சிக்கி நின்னுது, நூற்றுக்கணக்கான பயணிகளோட.

பிறகு நிவாரணம். நெல்லை, தூத்துக்குடியில் கடுமையா பாதிச்ச வட்டங்களுக்கு ரேஷன் கார்டுக்கு 6000 ரூபாய். தென்காசி மாவட்டத்துக்கு 1000. அப்போ அரிசியை விட முதல்ல காப்பாத்த வேண்டியது அந்தக் கார்டுதான், இல்லையா? வாடகைக்குக் குடிவந்தவங்க சிலருக்கு நனைஞ்சது இங்க, கார்டு இருக்கிறது வேற ஊர்ல. அவங்களை இந்தக் கணக்கு எப்படிப் பிடிக்கும்ங்கிறதுதான் என் கேள்வி.